மிளகாய் சாஸ் மேல் சந்தேகம்

நாள் 61 | 07:10

நிலவு, தென்முனை நிலையம். ஆள்: ஒன்று. செண்பகவல்லி, பாறை ஆய்வாளர், ஊர் கோவில்பட்டி. எடை 54 கிலோ. காற்று, நீர், மின்சாரம் சரி.

என் சாப்பாட்டைக் கொண்டுவந்த சரக்குக் கலம் நேற்று பள்ளத்தில் விழுந்து நொறுங்கியது. எனக்குக் கோதுமை ஆகாது. அதிலுள்ள குளூட்டன் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும், தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது. அதனால்தான் தனிப் பெட்டி. அது போச்சு. மிச்சம் இருப்பது அரிசி, கொஞ்சம் பருப்பு, எனக்கு முன்னால் இங்கிருந்த புண்ணியவான் விட்டுப்போன பதினான்கு சாஸ் பாட்டில்கள். மனுஷன் சாஸிலேயே குளித்திருப்பார் போல.

என்னை அழைத்துப்போகும் கலம் 90ஆம் நாள் வரும். நானூறு மீட்டர் நடந்து ஏற வேண்டும். அதுவரை வயிறு கெடக்கூடாது.

நாள் 62 | 13:30

சோயா சாஸ் மூன்றிலும் கோதுமை என்றே அச்சிட்டிருக்கிறார்கள். நேர்மையான பாட்டில்கள். ஓரம்கட்டினேன். தக்காளியிலும் மிளகாயிலும் ‘மாவுச்சத்து’ என்று மட்டும் இருக்கிறது. எந்த மாவு என்று எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

கையில் பரிசோதனைப் பட்டி ஒன்பது. ஒரு துளியைக் கரைசலில் கலக்கி, பட்டியை முக்கி, ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு கோடு வந்தால் தின்னலாம். இரண்டு வந்தால் கூடாது. தக்காளி, மிளகாய், அரிசி, பருப்பு: நான்குக்கும் ஒரு கோடு.

பருப்பு வேகவைத்து, ஊரிலிருந்து வாங்கிவந்த பெருங்காய டப்பாவைப் பிரித்து ஒரு சிட்டிகை போட்டேன். சோற்றில் மிளகாய் சாஸ் விட்டுப் பிசைந்தேன். இரண்டு மாதத்தில் இதுதான் சாப்பாடு.

நாள் 66 | 09:00

வயிற்று வலி. காலையிலேயே நாலு தடவை போயாயிற்று. பூமியிலிருந்து எங்கள் டாக்டர் ஜெபராணி அக்காவின் செய்தி:

“செம்பா, சாஸாத்தான் இருக்கும்ட்டி. புளிக்க வச்ச சரக்குல பட்டி சில நேரம் ஏமாத்திரும். சாஸை நிறுத்து. வலிச்சா வெந்நீர்ல கொஞ்சம் பெருங்காயத்தைக் கரைச்சுக் குடி. நல்லா கேக்கும். இதுவரைக்கும் என்னென்ன சாப்பிட்டன்னு எழுதி அனுப்பு.”

எழுதி அனுப்பினேன். சாஸை நிறுத்தினேன். பெருங்காயத் தண்ணீர் குடித்ததும் கொஞ்சம் இதமாக இருந்தது.

நாள் 73 | 11:20

எடை 49. வெறும் சோறும் பெருங்காயத் தண்ணீரும்தான். தண்ணீர் மூன்று வேளையும் குடிக்கிறேன். வலி விடவில்லை.

மிளகாய் சாஸை மறுபடி சோதித்தேன். ஒரு கோடு. தக்காளி, ஒரு கோடு. குடிநீரையும் பார்த்தேன், ஒரு கோடு. பட்டி பொய் சொல்கிறதா, எனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதா? ஏழு நாளாகத் தொடாத சாஸ் எப்படி வயிற்றைக் கெடுக்கும்? அலமாரியில் வரிசையாக நின்று என்னையே பார்க்கின்றன. துணி போட்டு மூடிவிட்டேன்.

பட்டி மிச்சம் இரண்டு.

நாள் 81 | 06:45

எடை 45. ஏணியில் தலைசுற்றி விழுந்தேன். அரிசிக்கு ஒரு பட்டி செலவழித்தேன். ஒரு கோடு.

விண்வெளி உடையை ஒத்திகைக்குப் போட்டுப் பார்த்தேன். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தால்தான் வெளிக்கதவு திறக்கும். பூமியிலிருந்தும் அதை மாற்ற முடியாது. திரையில் வந்தது: ‘வெளியேற அனுமதி இல்லை.’

பயமாக இருக்கிறது. இங்கே யாரிடம் மறைக்கப்போகிறேன்.

நாள் 86 | 16:05

ஜெபராணி அக்காவின் செய்தி:

“அழாம கேளு. நீ எழுதின பட்டியலை இன்னைக்கு மறுபடி பாத்தேன். அதுல பெருங்காயம் இல்ல. மருந்துதானன்னு நீயும் எழுதல, நானும் கேக்கல. அந்த டப்பாவைத் திருப்பிப் பாருட்டி. பெருங்காயப் பொடியில கோதுமை மாவு கலப்பாங்க. குடின்னு சொன்னவளே நான்தான். என்னைய மன்னிச்சிரு செம்பா.”

திருப்பிப் பார்த்தேன். கடுகுக்குப் பாதி அளவு எழுத்தில் இருந்தது. உலகத்து சாஸ் பாட்டில்களை எல்லாம் திருப்பித் திருப்பிப் படித்தவள், சொந்த டப்பாவைப் படிக்கவில்லை. கடைசிப் பட்டியை அதில் போட்டேன். ஒரு நிமிடத்திலேயே இரண்டு கோடு.

வலிக்க வலிக்க அதையே குடித்திருக்கிறேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் நிற்காமல் அழுதேன். அக்காவைத் திட்டவும் மனம் வரவில்லை. நான் எழுதியிருக்கலாமே.

துணியை எடுத்துவிட்டேன். இன்று சோற்றுக்கு மிளகாய் சாஸ். நான்கு நாள் இருக்கிறது. உடம்பே, கொஞ்சம் தேறு.

நாள் 90 | 10:15

கலம் இறங்கிவிட்டது. ஜன்னலில் தெரிகிறது. ஆளில்லாக் கலம், ஆறு மணி நேரம் நிற்கும். எடை 43. நாடித் துடிப்பு 131. அனுமதி இல்லை.

12:40. உப்புத் தண்ணீர் குடித்துப் படுத்தேன். 126. அனுமதி இல்லை.

15:50. பதினாலாவது தடவை. கதவைக் கையால் அடித்தேன். துடிப்பு இன்னும் ஏறிவிட்டது.

நாள் 90 | 16:20

கிளம்பிவிட்டது. தூசி இன்னும் அடங்கவில்லை.

ஜெபராணி அக்கா: “அடுத்தது நூத்தி நாப்பதாம் நாள்தான் செம்பா. இருக்கறதைப் பாத்து வச்சுச் சாப்பிடு. எப்படியாவது இருட்டி.”

இதை எடுப்பவருக்கு: மேசை மேல் இருக்கும் பெருங்காய டப்பாவை, கோதுமை ஆகாதவர் தொட வேண்டாம்.

இருப்பு. பருப்பு தீர்ந்தது. அரிசி, பதினெட்டு நாளைக்கு. தக்காளி சாஸ் ஐந்து பாட்டில். மிளகாய் சாஸ் ஆறு, அதில் ஒன்று பாதி.

சாஸ் எல்லாம் சோதித்தாயிற்று. பயமில்லாமல் தின்னலாம்.