வண்டு தொடாத பூக்கள்

அன்பான என்ரை அண்ணை,

இன்று காலை முகம் கழுவியதும் முதல் வேலையாக, உங்கள் படத்துக்குப் பூ ஆய முற்றத்துக்குப் போனேன். மதிலோரம் நீங்கள் நட்ட பட்டிப்பூச் செடிகளுக்குள் கையை விட்டபோது, இலைகளுக்கு அடியில் ஒரு சின்னத் துணிப்பை தட்டுப்பட்டது. முடிச்சு உங்களுடையது. உள்ளே பச்சையாக இரட்டைக் காய்.

அப்படியே குந்திவிட்டேன். சந்தோஷப்பட வேண்டியவள்தான். வெட்கத்தில் முகம் சுட்டது.

கொழும்புத்துறைக் கரையிலிருந்து கொண்டுவந்த செடிகள் அவை. பட்டிப்பூ காய்க்க வண்ணத்துப்பூச்சி வரவேண்டும். பூச்சி குறைந்துபோன அந்தக் கரையில், தன் மகரந்தத்தைத் தானே எட்டித் தொடும்படி தலைமுறை தலைமுறையாக அந்தப் பூ மாறியிருக்குமா? அதுதானே உங்கள் கேள்வி. பூச்சி புகாதபடி மொட்டிலேயே பை கட்டினீர்கள், காய் பிடிக்கிறதா என்று பார்க்க. மறுநாள் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது.

கட்டும்போது என்னிடம் சொன்னீர்களே: "சுவாமிக்கெண்டு சொல்லி பூவின்ரை கலியாணத்தைக் குழப்புறதே உனக்கு வேலை. இதிலை கை வச்சியெண்டால் உன்னையும் ஒரு பைக்குள்ளை போட்டுக் கட்டிவிடுவன்."

கை வைத்தேன் அண்ணை. உங்களுக்குப் படைத்த எட்டாம் நாள் காலையில், உங்களுக்கு வாழ்க்கைப்பட்ட மச்சாள், "வண்டு வாய் வைக்காத பூவாப் பாத்து ஆய்ஞ்சு கொண்டுவாரும்" என்றார். உங்களுக்கு வைக்கும் பூ எச்சில்படாததாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. வண்டே தொடாத பூ அந்தப் பைகளுக்குள்தான் இருந்தது. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பூவைப் பறித்தேன்; இலைக்கடியில் இருந்த இந்த ஒன்று மட்டும் என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. தட்டு நிறைந்தது. படத்தின் முன் அழகாகத்தான் இருந்தது.

போன கிழமை உங்கள் மாணவி மதுரா போனில் கேட்டாள்.

"அன்ரி, பைக்குள்ளை ஏதும் காய் பிடிச்சதோ?"

"ஒண்டும் பிடிக்கேல்லை, பிள்ளை."

"ஒண்டுகூடவோ?"

"இல்லை."

"அப்ப சேர் நினைச்சது பிழை. பரவாயில்லை அன்ரி, பிழையெண்டு தெரியிறதும் ஒரு முடிவுதானே. அப்பிடியே எழுதிவிடுறன்."

பொய் சொல்லவில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆய்ந்த பூ எப்படிக் காய்க்கும்? ஆனால் உங்களைப் பிழையாக்கியது செடி இல்லை, நான். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். விடைக்கு வந்த வழியை எழுதாத பிள்ளைக்குப் புள்ளி போடாதவள். அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் எனக்கு ஏன் வாய் வரவில்லை?

இன்று அந்தப் பையைப் பிய்த்து எறிந்திருந்தால் ஒருவருக்கும் தெரியாது. விரல் முடிச்சுவரை போனது, அண்ணை. அதையும் உங்களுக்கு மறைக்கவில்லை.

வெறும் தட்டோடு உள்ளே வந்தேன்.

"ஏன், பூ இல்லையோ?" என்று கேட்டார் மச்சாள்.

"இருக்குது. ஆயேல்லை."

என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

ஒரு காய் போதாது என்று மதுரா சொல்லுவாள். புதிய மொட்டுகளுக்குப் பை கட்டுவோம். அந்தக் காய்கள் முற்றும்வரை உங்கள் படம் பூவில்லாமல் இருக்கட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முதல் தடவை கட்டிய பைகளுக்கு என்ன நடந்தது என்று உங்கள் ஆய்வில் எழுதத்தானே வேண்டும். அவருடைய தங்கை ஆய்ந்துவிட்டாள் என்று, என் பெயரையும் போட்டே எழுதச் சொல்லப்போகிறேன். மதுராவுக்கோ மச்சாளுக்கோ இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில்.

பையில் கை வைத்த,
உங்கள் தங்கச்சி