பத்தாம் கணக்கின் இரண்டாம் வரி

என் செல்ல மாலதிக்கு,

காலையிலிருந்து மூன்று தடவை டீ போட்டு மூன்றையும் ஆறவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. நீ போய் எட்டு மாசத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

நீ எழுதிய எட்டாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டி மறுபதிப்பு போகிறது. நீ இருந்திருந்தால் நம் வேங்கிக்கால் முழுக்க ஸ்வீட் கொடுத்திருப்பாய். நேற்று பதிப்பாளர், அதைக் கணினியில் அடித்துக்கொடுத்த என் டிடிபி கடைக்கே வந்துவிட்டார். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் டவுனுக்குள் வண்டி நுழையாது, அதற்குள் ஃபைல் வேண்டுமாம். கடைகளில் மிச்சமிருக்கும் பழைய பிரதிகளில் ஒட்ட ஒரு திருத்தச் சீட்டும் அடிக்கச் சொன்னார்.

"பத்தாவது கணக்குல ஒரு மைனஸ் தப்பா கீதே, அதுக்குத்தாம்மா. ஆசிரியரின் கவனக்குறைவால்னு போட்டுடுங்க. அவங்கதான் இப்ப இல்லையே, யாருக்கு வருத்தம்?"

எனக்குத்தான் வருத்தம்.

அந்த மைனஸ் என்னுடையது, மாலதி. ஒன்பதாவது கணக்கில் 3(x − 2) − 2(x + 5). பத்தாவதில் 3(x − 2) − 2(x − 5). ஒரு குறிதான் வித்தியாசம். வரிக்கு வரி சமக்குறியை ஒன்றின்கீழ் ஒன்றாக நிறுத்துவதற்குள் உயிர் போய்விடும் என்று, ஒன்பதாவதையே காப்பி எடுத்துக் கீழே ஒட்டினேன். முதல் வரியை மாற்றினேன். விடையை மாற்றினேன். இரண்டாம் வரியில் +10 வரவேண்டிய இடத்தில் பழைய −10 அப்படியே நின்றுவிட்டது. நேற்று நீ கையால் எழுதிக்கொடுத்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். ப்ளஸ் பளிச்சென்று இருக்கிறது.

ப்ரூஃப் நீ பார்க்கவேண்டியது. நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். நான் பார்த்துக்கறேன், நீ தூங்கு என்று சொன்னதும் நான்தான்.

புத்தகம் வந்தபிறகு கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வாத்தியார் போன் செய்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "மைனஸ் இன்ட்டு மைனஸ் ப்ளஸ்னு பசங்களுக்கே தெரியுங்களே மேடம்" என்று அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. "என் தப்புதாங்க சார், மன்னிச்சிடுங்க" என்றாய் நீ. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். யார் தப்பென்று தெரிந்துதான் சொன்னாயா? ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாமே, பாவி!

அதைவிடக் கொடுமை உன் புருஷன், என் தம்பி. "அப்பவே அவளுக்கு மூளை வேலை செய்யலக்கா. இல்லன்னா மாலதி கணக்குல தப்பு விடுவாளா?" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறான். நோய் உன் அறிவையும் தின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் உம் கொட்டிக்கொண்டு அவனுக்குச் சோறு போடுகிறேன்.

சீட்டை இன்று அடித்துவிட்டேன். "பத்தாம் கணக்கு, இரண்டாம் வரி: −10 என்பதை +10 எனத் திருத்திக்கொள்ளவும். ஆசிரியர் சரியாகவே எழுதியிருந்தார். பிழை, கணினியில் அடித்த கஸ்தூரியுடையது." வாட்ஸ்அப்பில் பார்த்த பதிப்பாளர் உடனே போன் செய்தார். "இப்படிப் போட்டா இனிமே யாரும்மா உங்ககிட்ட வேலை குடுப்பாங்க?" கொடுக்காவிட்டால் போகட்டும். கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறவர்களுக்கு மனு அடித்துப் பிழைத்துக்கொள்கிறேன்.

சீட்டு ஊருக்கு. தம்பிக்கு நான் வாயால் சொல்லவேண்டும். அவன் கத்தினால் தாங்கிக்கொள்வேன், பேசாமல் எழுந்து போய்விட்டால்தான் பயம். இருந்தாலும் முதலில் சாப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இன்று இழுக்கமாட்டேன். உன் மூளை கடைசிவரைக்கும் நன்றாகத்தான் வேலை செய்தது. அது அவனுக்குத் தெரியாமல் இனி இந்த வீட்டில் அடுப்பு எரியாது, மாலதி.

உன் அண்ணி,
கஸ்தூரி