மலர் தூவிய படம்

வெள்ளிக்கிழமை, இரவு

பள்ளியின் மாதச் செய்தி இன்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "சிறப்பு விருந்தினரை மாணவியர் மலர் தூவி உற்சாகமாக வரவேற்றனர்" என்று போட்டு, படத்தில் என் மகள் யாழினி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை. விருந்தினர் வரும்வரை காலையிலிருந்து பூத்தட்டோடு வெயிலில் நிற்க வைத்தார்கள். படம் எடுத்த கையோடு மயங்கி விழுந்தாள். தூவிய செவ்வந்தியும் எங்கள் தோட்டத்தில் ஓசிக்குக் கேட்டு வாங்கியதுதான்.

வகுப்பு டீச்சருக்கு போன் செய்தேன்.

"எம்புள்ள விழுந்தத ஏன் மிஸ் போடல?"

"அதெல்லாமா செய்தியில போடுவாங்க? பாப்பா படம் எம்புட்டு அழகா வந்திருக்கு, பாருங்க."

பற்றிக்கொண்டு வந்தது. நடந்ததைக் குழுவிலேயே எழுதினேன். சற்று நேரத்தில் அழித்துவிட்டார்கள். இனி அட்மின் மட்டும்தான் எழுத முடியுமாம். நாங்கள் செய்திக்குக் கீழே கைகூப்பும் பொம்மை மட்டும் போடலாம். வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். யார் யார் என்று தொட்டுப் பார்த்தேன்.

முதல் கும்பிடு என் வீட்டுக்காரருடையது. பக்கத்தில்தான் குறட்டை விடுகிறார்.