சட்டைப் பைக்கு ஒரு கேமரா

பிப்ரவரி 4

என் ஊமைக்கோட்டான் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். ஃபோனில் பேசினால் நாலு "ம்", ரெண்டு "சரி", அத்தோடு வைத்துவிடுகிறாய். தாளில் எழுதினால்தான் உன்னிடமிருந்து முழு வாக்கியம் வருகிறது. அதனால் இந்தக் கடிதம்.

போன வெள்ளியோடு அச்சகத்திலிருந்து ஓய்வு. முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவர்கள் எழுதியதில் ஒற்றுப்பிழை பார்த்தே கண் தேய்ந்துவிட்டது. இனிக் கொஞ்சம் மனிதர்களைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஏப்ரலில் மூன்று வாரம், பஸ்ஸிலும் ரயிலிலும், தனியாக. அத்தானுக்குப் பஸ் என்று சொன்னாலே குமட்டும். "நீ போய்ட்டு வா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம் தேவையா என்றுதான் தெரியவில்லை.

தெருவையும் ஆட்களையும் எடுக்க எனக்கு ஒரு சின்ன கேமரா வேண்டும். ஃபோன் போதாதா என்பாய். ஃபோனைத் தூக்கிப் பிடித்தால் சரியாக அந்த நேரத்தில் அத்தான் கூப்பிட்டுச் சாவி எங்கே என்கிறார். குடும்பத்திலேயே பத்திரிகைக்குப் படம் எடுத்தவன் ஒருத்தன் இருக்கும்போது நான் வேறு யாரைக் கேட்பேன்? எது வாங்கலாம், எழுது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அக்கா

•

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஓய்வு கிடைத்ததில் சந்தோஷம்.

இப்போது வருகிற சின்ன கேமராக்கள் எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. கடைக்காரரிடம் கேட்டு ஏதாவது வாங்கிக்கொள். நான் அதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாகிவிட்டது. என் கடையில் பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும்தான். ஒரே நாற்காலி, ஒரே வெள்ளைத் திரை.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

•

பிப்ரவரி 22

தம்பி,

உன் கடிதத்தைப் படித்து முடிக்க ஒரு கொட்டாவி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் சொன்னதைக் கேட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஃபிரிட்ஜ் விற்கிற மாதிரி பேசினார். "இதுல ஜூம் பண்ணா எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில காயற துணியில பட்டன் எத்தனைன்னு எண்ணலாம் மேடம்!" நான் எதற்கு அடுத்தவர் சட்டையில் பட்டன் எண்ண வேண்டும்?

கடைசியில் இரண்டு கேமராக்களில் வந்து நிற்கிறேன். ஒன்றில் அந்த நீள ஜூம். திறந்தால் மூக்கு மாதிரி வெளியே வருகிறது. இன்னொன்றில் ஜூமே கிடையாது. தட்டையாக, சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது. அதைக் காட்டும்போது மட்டும் கடைக்காரர் குரலை இறக்கி, "இது கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்க வாங்கறது" என்றார். எனக்கு விஷயம் தெரியாது என்பது முகத்திலேயே எழுதியிருக்கிறதா?

எது என்று சொல். அப்படியே இன்னொன்றையும் சொல். கேமரா பேச்சை எடுத்தாலே ஏன் நழுவுகிறாய்? பதினோரு வருஷம் முன்னால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டேன் என்று பெட்டியோடு வந்து நின்றாய். அம்மா கேட்டாள், நான் கேட்டேன். "பிடிக்கலை" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் நீ சொன்னதில்லை. நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அக்கா

•

மார்ச் 6

அக்கா,

ஜூம் இல்லாததை வாங்கு. தெருவில் ஜூம் இருந்தால் நீ நின்ற இடத்திலேயே நின்றுகொள்வாய். அது இல்லாவிட்டால் நாலு அடி கிட்டே போயாக வேண்டும். கிட்டே போனால்தான் எதிராளிக்கும் நீ இருப்பது தெரியும்.

கடையில் பணம் கட்டுவதற்கு முன் சிலது பார். ஆன் செய்து எண்ணு. ரெண்டு எண்ணுவதற்குள் படம் எடுக்கத் தயாராக வேண்டும். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் திரையைப் பார். சிலதில் உன் முகம்தான் தெரியும். மூக்குக் கண்ணாடியோடு பார், கழற்றிவிட்டுப் பார். லென்ஸுக்குத் தனி மூடி இருந்தால் வேண்டாம், இரண்டாவது நாளே தொலைத்துவிடுவாய். தானாக மூடிக்கொள்வதே நல்லது. படம் எடுக்கும்போது வரும் சத்தத்தை நிறுத்த முடிகிறதா என்று பார். உள்ளே வெளிச்சத்தை வாங்கும் சென்சார் பெரிதாக இருக்கிறதா என்று கேள். ஜூம் இல்லாததில் பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் அதுதான் கைகொடுக்கும். சின்ன கேமராவின் பேட்டரி மத்தியானத்துக்குள் படுத்துவிடும், அதனால் இன்னொன்று கூடவே வாங்கு. முக்கியமாக, சட்டைப் பையில் போட்டுப் பார். கைப்பையில் இல்லை. நீ கைப்பையைத் திறந்து, சீப்பு, மாத்திரை, குடை எல்லாம் வெளியே எடுப்பதற்குள் ஆள் பஸ் ஏறிப் போயிருப்பார்.

கடைசியாக ஒன்று. தூங்குகிறவர்களை எடுக்காதே.

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். ஏன் என்றும் எழுதிவிடுகிறேன்.

பத்திரிகைக்காக நான் இருந்த ஊரில், பஸ் நிலையத்தில் ஒரு டைம் கீப்பர். பஸ் வந்த நேரம், கிளம்பிய நேரம் எழுதுவார், கேட்பவர்களுக்குச் சொல்வார். ஒரு மத்தியானம் அவர் ஜன்னலுக்கு முன்னால் இருபது பேர் நிற்கிறார்கள். அவர் மேஜையில் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்து தூங்குகிறார். தலைக்கு மேல் பெரிய கடிகாரம். படம் தானாகவே அமைந்து என்னைக் கூப்பிட்டது. எடுத்தேன். நல்ல படம், அக்கா. இன்றைக்கும் அது நல்ல படம்தான்.

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. "நேரம் காப்பவர் தூங்குகிறார்" என்று தலைப்பு. தலைப்பு நான் வைத்ததில்லை. ஆனால் அதைப் பார்த்து நானும் சிரித்தேன். அலுவலகத்தில் எல்லாரும் கைகுலுக்கினார்கள். மூன்றாம் நாள் உள்பக்கத்தில் நாலு வரி: அந்த ஊழியர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். பெயர் போட்டிருந்தது. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே அந்த நாலு வரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம்தான் பெட்டியோடு வந்து நின்றேன். அப்புறம் அவர் என்ன ஆனார் என்று யாரையும் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் இல்லை. என் கடைக்கு வருகிறவர்கள் தாங்களாகவே வந்து நாற்காலியில் உட்கார்கிறார்கள். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

தம்பி

•

மார்ச் 14

என் கண்ணே,

தட்டையானதையே வாங்கிவிட்டேன். வாசலுக்கு எடுத்துப் போய் எண்ணினேன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினேன். கடைக்காரர் முகத்தில் மரியாதை ஏறியதைப் பார்த்திருக்க வேண்டுமே! பயணத்துக்கான ஐந்து சட்டைகளுக்கும் பை வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் எடுத்த நாற்பதில் முப்பதில் என் விரல் இருக்கிறது. மீதிப் பத்தில் அத்தான்.

நீ எழுதியதைப் பல தடவை படித்தேன். பிழை பார்க்க இல்லை. "உன் தப்பு இல்லடா" என்று எழுதத்தான் முதலில் கை போனது. அப்படி எழுதினால் நீ நம்பமாட்டாய், எனக்கும் அது பாதிப் பொய். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

என் பயணத்தில் ஒன்பதாம் நாள் அந்த ஊரில்தான் பஸ் மாற வேண்டும். நடுவில் நாலு மணி நேரம் இருக்கிறது. விசாரிக்கலாம் என்று தோன்றுகிறது. நீ வேண்டாம் என்றால் பேசாமல் உட்கார்ந்து அடுத்த பஸ் ஏறிவிடுவேன், சத்தியமாக. உன்னைக் கேட்காமல் செய்யமாட்டேன். இருபத்தைந்துக்குள் பதில் போடு.

அக்கா

•

மார்ச் 21

அக்கா,

போகாதே என்று எழுதி மூன்று தாள் கிழித்தேன்.

போ.

தம்பி

•

ஏப்ரல் 11

என் அருமைத் தம்பிக்கு,

விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைக் காக்க வைக்கக் கூடாது என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: அவர் நன்றாக இருக்கிறார். வேலையிலும் இருக்கிறார். இதைப் படித்ததும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

பஸ் நிலையத்தில் விசாரித்தேன். "அவரா? தொலைஞ்ச சாமான் ரூம்ல இருப்பாருங்க" என்று கை காட்டினார்கள். சின்ன அறை. சுவர் முழுக்கக் குடை. நடுவில் மேஜை, அதன் பின்னால் நரைத்த மீசையோடு அவர். மூலையில் ஒரு ஊன்றுகோல் சாத்தியிருந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, "அதை மறந்துட்டு எப்படித்தான் நடந்து போனாரோ, நானும் ஆறு வருஷமா யோசிக்கறேன்" என்றார். "உங்களுக்கு என்ன தொலைஞ்சுச்சு?"

யார் என்று சொன்னேன். எழுந்து போகச் சொல்வார் என்றே நினைத்தேன். "உக்காருங்க" என்றார். அப்புறம் கேட்டார்: "அவர் இருக்காரா? ஒரு வருஷம் கழிச்சு, திட்டறதுக்குன்னே அந்த ஆபீசுக்குப் போனேன். வேலைய விட்டுட்டுப் போயிட்டார்னாங்க. சேத்து வெச்சிருந்த திட்டு எல்லாம் வீணாப் போச்சு."

ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்திருக்கிறார், தம்பி. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. தெருவில் போனால், "என்ன, தூக்கம் கலைஞ்சுதா?" என்பார்களாம். அவர் மனைவி அந்த ஏழு மாதமும் இரண்டு இடத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தை இழுத்திருக்கிறார்.

மேலே கேள். அன்றைக்கு மாற்று ஆள் வரவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து அவரேதான் அந்த நாற்காலியில். "தூங்கினது நிஜம். முப்பது மணி நேரம் உக்காந்திருந்ததும் நிஜம். படத்துல முதல்ல சொன்னதுதான தெரியும்?" விசாரணையில் அதைச் சொன்னால், மேலதிகாரி புத்தம் புதுப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாராம். அதன்படி அவர் அன்று காலையில்தான் வேலைக்கு வந்தார். பழைய பதிவேட்டைக் காணோம்.

தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் உன் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய், உன் படத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்திருக்கிறார். நீ எடுத்த படத்தில் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பதிவேடு திறந்து கிடக்கிறதாமே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தேதி தெரிகிறது. அடுத்தடுத்து மூன்று ஷிஃப்ட், மூன்றிலும் அவர் கையெழுத்து. வேலை திரும்பக் கிடைத்தது, ஏழு மாதச் சம்பளத்தோடு. அதற்கப்புறம் அங்கே யாரையும் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் உட்கார வைப்பதில்லையாம்.

"உங்க தம்பி மங்கலா எடுத்திருந்தா நான் தொலைஞ்சேன்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அழுதேன். அப்போது அவர் சொன்னார்: "அதுக்காக நன்றியெல்லாம் சொல்ல மாட்டேம்மா. கேட்டுட்டு எடுத்திருந்தா எழுப்பி விட்டிருப்பார்ல? நானும் எந்திரிச்சு மூஞ்சி கழுவியிருப்பேன்." அது சரிதானே.

கிளம்பும்போது அவர் படம் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "அவரையே வரச் சொல்லுங்க. முழிச்சிருக்கறப்ப ஒண்ணு எடுக்கட்டும்."

இனி உன் இஷ்டம்.

அன்பு முத்தங்களோடு,
அக்கா

•

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த நேரத்தில் கடையில் ஒருவர் படம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்திருந்தார். உறை தடிமனாக இருந்ததால் பொறுக்கமுடியாமல் அங்கேயே பிரித்தேன். முதல் பத்தியைப் படித்துவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் போய், வழக்கம்போல "சிரிக்காதீங்க" என்றேன். "நான் சிரிக்கலீங்க, நீங்கதான் சிரிக்கறீங்க" என்றார். அப்புறம் நான் அழவும், பாவம், பயந்துபோனார்.

அன்று கடையைப் பாதியில் மூடினேன். மறுநாள் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கேமராக் கடைக்குப் போனேன். கைக்கு வந்த எல்லாவற்றையும் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்தேன். கடைசியில் வாங்கியது உன்னுடையதைவிட ஒரு வருஷம் பழைய மாடல், அதே தட்டை. பழைய பெரிய கேமரா பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். கழுத்தில் அதை மாட்டினால் நான் மறுபடி பத்திரிகைக்காரன் ஆகிவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொல்லி முடிக்கவில்லை, பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம், அக்கா. இரண்டு இடத்தில் பார்த்த வேலை, நடுவில் நின்றுபோன பிள்ளையின் படிப்பு, தெருக்காரர்களின் வாய், எல்லாம் வந்தது. கணவர் நடுவில், "போதும் விடும்மா" என்றார். "நீங்க சும்மா இருங்க, இது எனக்கும் இவருக்கும்" என்றார் அந்த அம்மா. நான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கற்பனையில் இதைவிட மோசமாக எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். நிஜத்தில் வாங்கியபோது ஒவ்வொரு வார்த்தைக்கும் நெஞ்சில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. "என்னை மன்னிச்சிடுங்கம்மா. எழுப்பியிருக்கணும்" என்றேன். அந்த அம்மா மூச்சு வாங்கி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றார். பிள்ளை அப்புறம் படிப்பை முடித்துவிட்டதையும் சாப்பாடு போடும்போது அவரே சொன்னார்.

சாயங்காலம் இருவரையும் வாசலில் நிற்க வைத்து எடுத்தேன். படம் சுமார்தான். அந்த அம்மா விறைப்பாக நிற்கிறார், வெளிச்சமும் சரியில்லை. அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பெரிதாகப் போட்டு அனுப்பப் போகிறேன்.

திரும்பி நடக்கும்போது பஸ் நிலையத்துக்கு வெளியே சாவி வெட்டுகிற ஒருவரைப் பார்த்தேன். முன்னால் நூறு சாவி தொங்குகிறது, சாய்ந்த வெயில் அத்தனையிலும் மின்னுகிறது. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கிட்டே போய்க் குனிந்து கேட்டேன்.

"ஒரு படம் எடுத்துக்கலாமாங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேணாம்ப்பா."

"சரிங்க" என்றேன். கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா அக்கா!

உன்
தம்பி