பின் சீட்டு நன்றாக இருக்கிறது

அன்புள்ள அம்மாவுக்கு,

முதுகுவலி எப்படி இருக்கிறது? மருந்து போடுகிறீர்களா? நான் சுகம். இங்கே உல்சானில் குளிர் தொடங்கிவிட்டது.

பழைய செடான் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். விலை கட்டுப்படியானது, சத்தமும் இல்லை. பார்க்கப் போனபோது பின் சீட்டிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வியாபாரி, "ஓட்டப் போறது நீங்களா, இல்ல டிரைவர் வச்சிருக்கீங்களா?" என்று கிண்டல் செய்தார். "இது எங்கம்மா உக்கார்ற இடம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, வண்டி வாங்கினால் செய்யும் நம் வழக்கப்படி நான்கு சக்கரங்களிலும் அரிசிக் கள் ஊற்றிக் கும்பிட்டேன். மிச்சத்தை வந்தவர்கள் பங்கிட்டுக் குடிக்க வேண்டுமே, யாரும் வரவில்லை. கொட்ட மனமில்லாமல் நானே குடித்துவிட்டேன். பிறகு எப்படி ஓட்டுவது? உங்கள் சீட்டில் ஏறித் தூங்கிவிட்டேன். எழுந்தபோது முதுகு வலிக்கவே இல்லை.

விபத்து எதுவும் அண்டாமல் இருக்க டிக்கியில் கட்டுவோமே, அந்த நூல் சுற்றிய கருவாடு ஒன்று வேண்டும். இங்கே கடையிலும் விற்கிறார்கள். ஆனால் நூலை நீங்கள் சுற்றினால்தான் எனக்குத் திருப்தி. தபாலில் அனுப்ப வேண்டாம். சுற்றி வையுங்கள், சொக்சோ வீட்டுக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்
தொங்சிக்