கிளியும் முப்பத்திரண்டு சட்டைகளும்

மார்ச் 3, செவ்வாய்

கிளி இன்றும் பேசவில்லை.

கிளி என்பது நான் வைத்த பெயர். ப்ராக்ஸி சர்வர் என்று சொன்னால் இந்தத் தையல் பயிற்சி நிலையத்தில் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதன் வேலை என்னவோ எளிது. தலைமை அலுவலகத்தின் பாட வீடியோவை ஒருவர் கேட்டால் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் கேட்டால் அந்த நகலை எடுத்து நீட்ட வேண்டும். சொன்னதையே திருப்பிச் சொல்வதால் கிளி. முதல்வரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் போன மாதம்தான் வாங்கி வைத்தேன். வைத்த நாள் முதல் எதையும் திருப்பிச் சொல்வதில்லை. முப்பத்திரண்டு பேர் கேட்டால் முப்பத்திரண்டு முறை தலைமை அலுவலகத்துக்கே ஓடுகிறது. நம் இணைப்போ ஒல்லிக்குச்சி. வகுப்பில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது.

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். "பதினாறாம் தேதி செய்முறைத் தேர்வு. அதுக்குள்ள சரியாகலைன்னா அந்தப் பெட்டியைத் தூக்கிடறேன். நீங்க ஸ்டோர் ரூம்ல உக்காந்து நூல்கண்டு எண்ணுங்க." ஸ்டோர் ரூம் சாவியை மேசைமேல், என் பக்கமாக நகர்த்தி வைத்தார். சிரித்துக்கொண்டேதான் வைத்தார். சாவியைத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 4, புதன்

டிஸ்க்கை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். கிளியைத் துடைத்தேன். துடைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆனாலும் துடைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

வெற்றி! சாப்பாட்டு இடைவேளையில் காலி வகுப்பில் ஏழாவது கணினியில் பாடத்தைத் திறந்தேன். வந்தது. எட்டாவதில் திறந்தேன், கண் இமைப்பதற்குள் வந்தது. ஒன்பது, பத்து எல்லாம் அப்படியே. கிளி கொஞ்சுகிறது! வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 6, வெள்ளி

பாட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். காலை வகுப்பில் மறுபடியும் சுற்றல்.

தையல் டீச்சர் நடைவழியில் நிறுத்திக் கேட்டார். "ஏன் தம்பி, நீங்க உக்காந்தா ஓடுது, எங்க பிள்ளைங்க உக்காந்தா ஓட மாட்டேங்குது. உங்க மெஷினுக்கு எங்களைப் பிடிக்கலையா?"

வகுப்பு தொடங்கும்போது நானே பார்க்கிறேன் என்றேன். முடியாதாம். ஒன்பது மணி அடித்தால் கதவைச் சாத்திவிடுவார், கால் மணி நேரம் கழித்துத்தான் திறப்பார், தாமதமாக வந்தால் முதல்வரே ஆனாலும் வெளியில் நிற்க வேண்டியதுதான். அந்தக் கால் மணியில் உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

மார்ச் 9, திங்கள்

கிளியின் பதிவேட்டை வாசித்தேன். வரிக்கு வரி 'மிஸ்'. என்னிடம் நகல் இல்லை, வாங்கப் போகிறேன் என்று அர்த்தம். 'மிஸ்' எல்லாம் சிவப்பாகத் தெரியும்படி செய்தேன். திரை முழுக்கத் தக்காளிச் சிவப்பு. கண் எரிந்தது, காரணம் தெரியவில்லை.

வீட்டில் புலம்பினேன். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "எங்க கடையிலயும் சில பேரு, அலமாரியில இருக்கறது வேண்டாம், புதுப் பெட்டி பிரிச்சுக் குடுன்னு கேப்பாங்க. உங்க பிள்ளைங்க அப்படிக் கேக்கறாங்களோ என்னவோ?"

மாத்திரை வேறு, சர்வர் வேறு என்று விளக்கினேன். "சரிங்க, பெரிய விஞ்ஞானி," என்றாள்.

மார்ச் 11, புதன்

எட்டு ஐம்பதுக்கே போய்க் கடைசி பெஞ்சில் பதுங்கினேன். ஒன்பது அடித்தது, கதவு சாத்தப்பட்டது. டீச்சர் மேசையைத் தட்டினார்.

"பாடத்தைத் திறந்தாச்சா? இடது கை கன்ட்ரோல்ல, வலது கை எஃப்-அஞ்சுல. ஒண்ணு... ரெண்டு... அமுக்கு!"

முப்பத்திரண்டு பேரும் ஒரே தட்டு. தரையே அதிர்ந்த மாதிரி இருந்தது. அந்த இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினால், 'நகல் வேண்டாம், போய்ப் புதிதாகவே வாங்கி வா' என்று கட்டளை. கிளி பாவம், முப்பத்திரண்டு முறை ஓடியிருக்கிறது. வீடியோ சுற்றியதும் டீச்சர், "இன்னொரு தரம்!" என்றார்.

இந்தக் கூத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். நல்லவேளை, அதற்குள் கண்ணில் பட்டது. ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை: 'பக்கம் பழையதாக வந்தால் கன்ட்ரோலும் எஃப்5உம் சேர்த்து அமுக்கவும். — கணினிப் பிரிவு.'

கணினிப் பிரிவு என்பது நான் ஒருவன்தான். இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஏதோ கோளாறுக்கு நானே எழுதி, நானே ஒட்டியது. கையெழுத்து என்னவோ அழகாகத்தான் இருக்கிறது.

திரும்பி வந்து பதிவேட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு 'மிஸ்'ஸுக்கும் முன்னால், கேட்டவரே புதிதாகக் கேட்டார் என்று எழுதித்தான் இருக்கிறது. நான் சிவப்பை மட்டும் பார்த்திருக்கிறேன். மனைவியிடம் இதைச் சொல்வதாக இல்லை.

மார்ச் 12, வியாழன்

உண்மையைச் சொன்னால் காலத்துக்கும் சிரிப்பார்கள். சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறது. கிளியின் அமைப்பில் ஒரே ஒரு வரி. அதைச் சேர்த்தால் அந்தக் கட்டளை கிளியின் காதில் விழாது. யார் எத்தனை முறை அமுக்கினாலும் நகலையே கொடுக்கும்.

சேர்த்துவிட்டேன். ஒன்பது மணிக்கு 'அமுக்கு!' கேட்டது. எல்லாத் திரையிலும் வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. டீச்சர், "என்ன தம்பி செஞ்சீங்க?" என்றார். "உள்ளுக்குள்ள ஒரு சிக்கல், எடுத்துட்டேன்," என்றேன். முதல்வர் கை கொடுத்தார்.

மார்ச் 13, வெள்ளி

ஸ்டோர் ரூமைக் கடந்து போகும்போது சும்மா ஒரு கொட்டாவி விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

ஐயோ.

சனிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. சட்டைப் பாடத்தில் இடது கை அளவு தவறு, வீடியோவைத் திருத்திவிட்டோம், புதிதாக எடுத்துப் பாருங்கள் என்று. டீச்சர் அதை மதித்துத் தேர்வுக்கு முன் ஒரு தடவைக்கு மூன்று தடவை அமுக்க வைத்திருக்கிறார். செவிட்டுக் கிளி மூன்று தடவையும் பழைய வீடியோவையே கொடுத்திருக்கிறது. வீடியோ சொன்னபடி தைக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்பது தேர்வு விதி. ஒரு பெண் கையைத் தூக்கினாளாம். "சொன்னபடி தை," என்று தேர்வு நடத்த வந்தவர்கள் உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் போனபோது முப்பத்திரண்டு சட்டைகள் கொடியில் தொங்கின. எல்லாவற்றுக்கும் வலது கை மணிக்கட்டு வரை, இடது கை முழங்கையோடு சரி.

முதல்வர் டீச்சரைப் பார்த்து, "புதுசா எடுக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரலையா நீங்க?" என்றார்.

"தந்தேன் மேடம். ரெண்டு வருஷமா தினமும்..." டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வயதில் பெரியவர், கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாய் தானாகத் திறந்தது.

"அவங்க மேல தப்பு இல்ல மேடம். எல்லாம் நான்தான். அட்டையும் நான்தான், சிக்கலும் நான்தான்." ஒன்று விடாமல் சொன்னேன்.

முதல்வர் கொடியில் தொங்கிய சட்டைகளைக் காட்டினார். "வெள்ளிக்கிழமை மறுதேர்வு. ஸ்டோர் ரூம் கதையை அப்புறம் பேசலாம். முதல்ல அந்த முப்பத்திரண்டு கையையும் பிரிங்க."

மார்ச் 17, செவ்வாய்

அந்த வரியை நீக்கினேன், அட்டைகளையும் கழற்றினேன். பிறகு கை பிரிக்க உட்கார்ந்தேன். டீச்சர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இழுக்காதீங்க தம்பி, துணி கிழிஞ்சுடும். ஒவ்வொரு தையலா வெட்டுங்க," என்று மேற்பார்வை செய்தார். பதினொன்று முடிந்தது. விரலில் நான்கு இடத்தில் ரத்தம்.

மார்ச் 19, வியாழன்

முப்பத்தொன்று பிரித்தாயிற்று. கையைத் தூக்கிய பெண்ணின் சட்டையை மட்டும் டீச்சர் என்னிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டார். "இவ்வளவு நல்ல தையலைப் பிரிக்க மனசு வரலை. நாளைக்கு அவளுக்குப் புதுத் துணி குடுத்துக்கறேன்," என்றார்.

மார்ச் 20, வெள்ளி

மறுதேர்வு. டீச்சரின் புது முறை: "முதல் கணினி மட்டும் அமுக்கு! மத்தவங்க கையைக் கட்டு!" முதல் கணினிக்குப் புது வீடியோ வந்து சேர்ந்தது. மற்ற முப்பத்தொருவருக்கும் அதையே கிளி அழகாகத் திருப்பிச் சொன்னது. பதிவேட்டில் ஒரே ஒரு சிவப்பு. சட்டைகளுக்கு இரண்டு கையும் ஒரே நீளம்.

மாலையில் டீச்சர் ஒரு பொட்டலம் கொடுத்தார். அந்த ஒற்றைச் சட்டை. "உங்க அளவுதான் தம்பி," என்றார்.

மார்ச் 23, திங்கள்

அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கிளம்பும்போது வீட்டு வாசலில் மனைவி, "இன்னொரு கை எங்கே?" என்று கேட்டதும், அவளுடைய புதுப் பெட்டிப் பேச்சுதான் சரி என்பது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதல்வர் என் இடது முழங்கையைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த ஸ்டோர் ரூம் சாவியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்.