ஞானத்தகப்பன் போட்ட கூரை

செப்டம்பர் 2
மூன்று இடத்தில் ஒழுகல். ரோமுலோவின் கட்டிலை மறுபடியும் நகர்த்தினேன். அவருக்குப் பக்கவாதம் வந்த இந்த ஏழு வருடத்தில் கட்டில் அறை முழுக்க ஊர்வலம் போய்விட்டது. படுத்திருப்பவர்தான் எங்கும் போகவில்லை. புயல் வந்தால் மட்டும் நான்கு பேர் அவரைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போவார்கள். போன வருடம் அங்கே ஊரே பார்க்க அவருக்குத் துணி மாற்றினேன். அன்றைக்குச் சொன்னார்: "அடுத்த புயலுக்கு நான் எங்கயும் வரமாட்டேன் பசிதா. செத்தாலும் என் வீட்டுலதான்."

கூரையை மாற்றியே ஆக வேண்டும்.

செப்டம்பர் 4
பக்கத்து ஊரிலிருந்து அமாடோ என்ற கூரைக்காரர் வந்தார். ஏறினார், தகரத்தைத் தாங்கும் ஒவ்வொரு ரீப்பர் கட்டையையும் கத்தியால் குத்திப் பார்த்தார், இறங்கினார். "பாதி மரம் கறையான். மாத்தாம தகரம் அடிச்சா காத்து பிச்சுக்கிட்டுப் போயிடும். பன்னெண்டு நாள் வேலை. எழுதித் தரேன்."

சிரிக்கவில்லை. என் மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்கவில்லை. இரண்டாவது காபியும் வேண்டாமாம். இப்படிப்பட்ட ஆளை எப்படி நம்புவது?

செப்டம்பர் 5
சிக்கல் செல்சோ. எங்கள் மகன் ரெனேவுக்கு ஞானஸ்நானத்தில் கைபிடித்த ஞானத்தகப்பன். தொழில் கொத்து வேலை. அவனை விட்டுவிட்டு வெளியாளைக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எந்த முகத்தோடு உட்காருவேன்?

"சும்மா ஒரு வார்த்தை கேளு. முடியாதுன்னுடுவான்," என்றார் ரோமுலோ.

கேட்டேன். செல்சோ கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "நீங்க கேட்டு இல்லன்னு சொல்லுவேனாக்கா?" என்றான். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா என்றேன். அவன் முகம் வாடியது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பர் 11
ஆரம்பம். மதியத்துக்குள் பாதிக் கூரையைக் கழற்றிவிட்டான். என்ன வேகம்!

செப்டம்பர் 12
வரவில்லை.

செப்டம்பர் 13
மனைவியின் ஊர்த் திருவிழாவாம்.

செப்டம்பர் 14
சேவல் சண்டையாம். மழை நன்றாகவே வந்தது. அதற்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

செப்டம்பர் 19
இரண்டு ஆட்களோடு வந்தான். நாள் சம்பளம், காலையும் மாலையும் பலகாரம் வீட்டுக்காரர் பொறுப்பு. நான் ஒரு மடச்சி, பான்சிட் நூடுல்ஸும் தேங்காய்ப் பால் ஊற்றின அரிசிக் கேக்கும் ருசியாகச் செய்து தொலைத்தேன். இனி இவர்கள் எதற்காக வேலையை முடிக்க வேண்டும்? எங்கள் நாட்டு வழக்கப்படி செப்டம்பரிலேயே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு போட ஆரம்பித்துவிட்டார்கள். குடில் ஜோடனையையும் செல்சோவிடமே கொடுத்துவிடலாம்.

செப்டம்பர் 26
தகரம் ஏறிவிட்டது. படுத்தபடியே ரோமுலோ சொன்னார்: "நாப்பத்தி மூணு."

"என்ன நாப்பத்தி மூணு?"

"மரத்துல இறங்காத ஆணி. எல்லாம் காத்துல தொங்குது. போய் அவன்கிட்ட சொல்லு."

போனேன். செல்சோ என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னும் கொஞ்சம் பான்சிட் வைக்கவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

எனக்கே என்மேல் வெறுப்பு. ரோமுலோ சாகிற வரைக்கும் நான் மரியாதை பார்த்துட்டே இருக்கப் போறேனா?

செப்டம்பர் 29
நான் சொல்லவில்லை. ரோமுலோதான் கூப்பிட்டார். "செல்சோ, இப்படி வந்து என் பக்கத்துல படு."

"எதுக்குண்ணே?"

"படுடா."

படுத்தான். ஒரே தலையணையில் இரண்டு தலை. இருவரும் மேலே பார்த்தார்கள். ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் அவர்கள் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. செல்சோ வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பிறகு கூரையிடம் சொல்வதுபோலச் சொன்னான்: "எனக்குச் செவுருதான்ணே தெரியும். கூரை வேலை தெரியாது. அக்கா வந்து கேட்டாங்க. முடியாதுன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

நீ வருத்தப்படுவாய் என்றுதானடா நான் கேட்டேன்! இதை வாய்விட்டே சொன்னேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

செப்டம்பர் 30
அமாடோவைக் கூட்டிவந்தது செல்சோ. அவரிடம் கை கட்டிக்கொண்டு நின்றான். அமாடோ மேலே பார்த்து, "யார் போட்டது இது?" என்றார். மூன்று பேரும் இருமினோம்.

அக்டோபர் 13
பன்னிரண்டு நாள் என்றார், பன்னிரண்டே நாள். புது ரீப்பர், எல்லா ஆணியும் மரத்தில். செல்சோ கூலி வாங்காமல் தகரம் சுமந்தான். அமாடோ இன்னும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 21
பெரும்புயல். தூக்குப்படுக்கையோடு நால்வர் மதியமே வந்தார்கள். "வேற யாருக்காவது கொண்டு போங்கப்பா," என்றார் ரோமுலோ. அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலிப் படுக்கை திரும்பிப் போனது.

நான்கு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். செல்சோ, அவன் மனைவி, ஐந்து பிள்ளைகள், சொட்டச் சொட்ட. அவன் வீட்டுக் கூரை போய்விட்டது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு மரியாதை இன்னும் மிச்சம் இருக்கிறது.

கட்டிலிலிருந்து ரோமுலோவின் குரல். ஏழு வருடமாக அப்படி ஒரு அதட்டலை நான் கேட்டதில்லை. "என்னடி நின்னுட்டு இருக்க? புள்ளைங்க நனைஞ்சிருக்கு. போர்வையெல்லாம் எடு. செல்சோ, உள்ள வா, நம்ம வீட்டுல இடம் இருக்கு."